அக்கா எழுதிய ஞாபகப் பரீட்சை

அடிப்பிடித்த பாலின் வாசனைக்குக் கால் உண்டு. பாத்திரத்தைத் தேய்த்து, சன்னலைத் திறந்து, சாம்பிராணி போட்டு விரட்டினாலும் அது படியிறங்கித் தெருவில் நடந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருப்பவர்களின் கைப்பேசி வழியாகச் சென்னை வரைக்கும் போய்விடும். என் அக்கா வீட்டுப் பால் அப்படித்தான் போனது. இன்றும், தென்காசியில் நான் கணக்கெழுதும் மருந்து மொத்தக் கடைக்கு எதிரே தேநீர்க்கடைக்காரர் கொஞ்சம் கவனம் பிசகினால் போதும், என் விரல்கள் கணினியின் மேல் நின்றுவிடும். மூக்கு வழியாக அந்தச் சாரல் மாதம் உள்ளே வரும். அதன் பின்னாலேயே அக்காவும் வருவாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

அக்காவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரத்தில், அத்தான் கட்டிய வீட்டில், அத்தான் காலமான பிறகு தனியாக இருந்தாள். தனியாக என்றால், மலையோடு. அடுப்படிச் சன்னலைத் திறந்தால் மலை பாத்திரம் கழுவும் இடம் வரைக்கும் வந்து நிற்கும். சீசனில் மேகம் அதன் இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். சாரல் கொசுவலை வழியாக நுழைந்து அஞ்சறைப்பெட்டியின் கடுகை ஈரமாக்கும். நான் அவளுக்குப் பதினாறு வயது இளையவள். தென்காசியில் குடும்பம், கடையில் கணக்கு, கணக்குக்கு நடுவே கவிதை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று எனக்கு வீட்டில் பெயர்.

அந்த ஆனி மாதத்தில் பால் ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாகத் தீய்ந்தது. அதற்கு முன்னால் வீட்டுச் சாவி குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் கிடைத்திருந்தது. கல்யாண வீடு ஒன்றுக்கு அக்கா முந்தைய நாளே பட்டுச்சேலை கட்டிப் போய், பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் தாம்பூலம் கேட்டுவிட்டு வந்திருந்தாள். இவற்றையெல்லாம் பக்கத்து வீட்டு மதினி ஒன்று விடாமல் சென்னையில் இருக்கும் அக்கா மகனுக்குச் சொல்லிவிட்டாள்.

அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவன். நாற்பதைத் தாண்டியவன். எதையும் ஒரே போனில் முடித்துவிட நினைப்பவன்.

"எம்மா, திருநெல்வேலியில இருந்து சனிக்கிழம சனிக்கிழம தென்காசிக்கு ஒரு நரம்பு டாக்டர் வருதாங்களாம். மூணு வாரம் கழிச்சு டோக்கன் போட்டிருக்கேன். நானும் வருதேன். ஞாபகத்துக்கு டெஸ்ட் எடுப்பாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னா நான் இனிம வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னு சொன்னாங்கன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்திரணும். சரியா?"

"சரிலே" என்று சொல்லி போனை வைத்த அக்கா, என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நான் போனபோது வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவன் வீடு பதினோராவது மாடில இருக்கு. கீழ பாத்தா மனுசன் எறும்பு மாதிரி போறான். எறும்புகிட்ட நான் என்னத்தட்டி பேச?"

"போகாட்டா என்ன?"

"போகாம இருக்கணும்னா பாஸாகணும்லா?"

அந்த 'பாஸ்' என்ற சொல்லில்தான் எல்லாம் தடம் மாறியது. அக்காவின் உலகத்தில் பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பாடத்திட்டம் இருக்கும், முக்கியமான கேள்விகள் இருக்கும், போன தடவைக் கேள்வித்தாள் இருக்கும். நம் ஊரில் ஒருவருடைய மூளையைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், அந்த மூளைக்கு முதலில் தோன்றுவது டியூஷன்தான்.

டியூஷன் மாஸ்டரும் கிடைத்தார். அடுத்த தெரு பாய். வளைகுடாவில் நெடுங்காலம் துணிக்கடை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மாசியில் அதே டாக்டரிடம் அதே சோதனையை எழுதித் தேறியவர் என்று தெருவுக்கே தெரியும், ஏனென்றால் அவரே சொன்னார். அக்கா அவரை வீட்டுக்கு அழைத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இஞ்சி டீ கொடுத்தாள்.

"டீச்சரம்மா, மொதல்ல என்ன தேதி, என்ன கெழமன்னு கேப்பாங்க. அது சும்மா. பொறவு ஒரு கடியாரம் வரையச் சொல்லுவாங்க. பொறவு நூறுல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லுவாங்க."

"ஏழா? பதினேழா கழிக்கேன், போதுமா?"

"அது ஒங்க இஷ்டம். ஆனா சூட்சுமம் எங்கன இருக்குன்னா, அஞ்சு வார்த்த. அத மொதல்லயே சொல்லிருவாங்க. சொல்லிட்டு வேற என்னெல்லாமோ பேச்சக் குடுப்பாங்க. பேச்சு முடிஞ்ச பொறவு, அந்த அஞ்சு என்னன்னு கேப்பாங்க. அங்கனதான் நம்ம ஆள்க விழுதாங்க."

"ஒங்களுக்கு என்ன அஞ்சு சொன்னாங்க?"

பாய் கண்ணை மூடிக்கொண்டார். "குடை. மயில். சாவி. பூசணி. ரயில். இன்னமும் மறக்கல பாத்துக்கிடுங்க. தொழுகையில நிக்கும்போதும் பூசணி வருது. அல்லா மன்னிக்கணும்."

அக்கா எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் பிட்டு. அவள் மனப்பாடம் செய்தாள். குளிக்கும்போது குடை மயில் சாவி. குழம்பு கொதிக்கும்போது பூசணி ரயில். என்னை உட்கார வைத்து, திடீர் திடீரென்று கேட்கச் சொல்வாள். நான் "அக்கா!" என்றாலே "குடை மயில் சாவி பூசணி ரயில்" என்று ஏழாம் வாய்ப்பாடு மாதிரி ஒரே மூச்சில் வந்துவிடும். மூன்று வாரத்தில் அந்த ஐந்து சொற்கள் எனக்குள்ளும் புகுந்துகொண்டன. ஓர் இரவு கவிதை எழுத உட்கார்ந்தால், நனைந்த ரயில் ஒன்று தோகை விரித்து வந்து நின்றது. அடித்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை வந்தது. அக்கா மகன் அதிகாலை ரயிலில் வந்திறங்கிக் குளித்துத் தயாரானான். அக்கா வெளிர்நீலக் காட்டன் சேலை, மடிப்பு வைத்து. கண்ணாடி, நெற்றியில் விபூதி, கைப்பை. கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். அக்கா உதடு அசையாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் சாமி நாமம் என்று நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரில் பெரிய மூளைப் படம், ஓடு நீக்கிய அக்ரூட்டு மாதிரி. தேதி, கிழமை கேட்டார். அக்கா தேதியோடு தமிழ்த் தேதி, நட்சத்திரம், அன்றைக்கு ராகுகாலம் எப்போது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். கத்தரி, மணி, ஆடு, சட்டை, பாலம். அக்கா திருப்பிச் சொன்னாள், ஆனால் நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கடை அடைக்கிற நேரத்தில் வந்த வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி அந்தச் சொற்களைப் பார்த்தாள். உள்ளே இடமில்லை.

"இப்ப ஒரு கடிகாரம் வரைங்கம்மா."

அக்கா கைப்பையைத் திறந்து ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்தாள். காம்பஸில் பென்சிலைச் சொருகினாள்.

"இதெல்லாம் வேண்டாம்மா. கையாலயே போடுங்க."

"கையால போட்டா வட்டம் வட்டமாவா இருக்கும்? நாளைக்கு அதுக்கு மார்க் கொறச்சிர மாட்டியளே?"

மகன் நெற்றியைத் தடவிக்கொண்டான். கையால் போட்ட வட்டமும் தட்டு கவிழ்த்து வரைந்தது போல் நன்றாகவே வந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் அக்கா நிறுத்தவில்லை. எதிர்மறை எண்களுக்குள் இறங்கிவிட்டாள். நான் மூச்சை விட்டேன். பதினோராவது மாடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் முதல்ல சொன்ன அஞ்சு வார்த்தையச் சொல்லுங்கம்மா."

"குடை மயில் சாவி பூசணி ரயில்."

சொல்லி முடித்துத்தான் அக்காவுக்கு விளங்கியது. எனக்கு அவள் வாயைத் திறந்தபோதே விளங்கிவிட்டது. டாக்டர் பேனாவை வைத்தார்.

"இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா யோசித்தாள். அவள் கண்களுக்குப் பின்னால் குடையை மடக்கி, மயிலைத் துரத்தி, பூசணியை உருட்டி வெளியே தள்ள அவள் படும் பாடு எனக்குத் தெரிந்தது. வெளியே வந்தது மறுபடியும் ரயில்தான். டாக்டர் தணிந்த குரலில் மகனிடம் பேச ஆரம்பித்தார். சொல்லாத சொற்களைச் சொன்னதாக நினைப்பது கவனிக்க வேண்டிய விஷயம், ஸ்கேன் பார்க்கலாம், தனியாக விடாமல் இருப்பது நல்லது. மகனின் முகம் சுண்டிப்போனது. "நான் கூட்டிட்டுப் போயிருதேன் டாக்டர்" என்றான். அதை அவன் வெற்றியாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னான்.

நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அவள் அசையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் தேர்வு அறையில் நின்றவள். ஜடைக்குள், தாவணி மடிப்பில், மதியச் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் பிட்டு வைத்த பெண்களைக் கண்ணாலேயே பிடித்து எழுப்பியவள். மேலகரத்தில் பாதிப் பெண்கள் இன்றும் அவளைக் கண்டால் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவார்கள். மூளை கெட்டுப்போனவள் என்று பெயர் வாங்குவதா, கேள்வித்தாள் வாங்கியவள் என்று பெயர் வாங்குவதா? தராசு ஆடிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே மலை, மேகத்துக்குள்ளிருந்து ஒரு தோளை மட்டும் காட்டியது. அக்கா அதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். வகுப்பில் தப்பு செய்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நான் காப்பி அடிச்சேன்."

"என்னது?"

"கேள்வி அவுட்டாயிருச்சு. அடுத்த தெரு பாய் சொன்னாரு. மூணு வாரமா உருப்போட்டேன். நீங்க கேள்வியை மாத்திருவியன்னு நெனைக்கல. இவளுந்தான் கூட்டு." என்னைக் காட்டினாள்.

மகன், "எம்மா!" என்றான். டாக்டர் மேஜையில் குனிந்துகொண்டார். தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆளைப் பிடிச்சு, கேள்வி வாங்கி, தங்கச்சிய வச்சுப் படிச்சு, வரிசை மாறாம சொல்லியிருக்கீங்க. இதுக்கும் மூளை வேணும்மா. ஆனா நான் கேட்டத நீங்க உள்ள வாங்கவே இல்ல. இப்ப புதுசா அஞ்சு சொல்றேன். பாய மறந்திருங்க."

இரண்டாம் தடவை மூன்று சொற்கள் தானாக வந்தன. நான்காவது, ஒரு குறிப்புக் கொடுத்ததும் வந்தது. ஐந்தாவது வரவே இல்லை. டாக்டர் இப்போது வேறு கேள்விகளுக்குப் போனார். அவற்றுக்கு எந்த பாயும் பதில் சொல்லித் தரவில்லை.

"பிரஷர் மாத்திரை எப்ப போடுவீங்க?"

"தலவலிச்சா போட்டுக்கிடுவேன்."

"தூக்கம்?"

"எங்க தூங்க? சீரியல் முடியவே நெடுநேரமாயிருது. பொறவு போன்ல அந்த சீரியலப் பத்தி பேசுதாங்கல்லா, அதையும் பாக்கணும்."

"பால் பொங்குற சத்தம் கேக்குமா?"

அக்கா இடது காதைத் திருப்பி, "என்ன?" என்றாள்.

டாக்டர் மகனிடம் சொன்னார், இப்போதைக்கு வியாதி என்று பெயர் வைக்க எதுவுமில்லை, நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கவும் முடியாது. ரத்தத்தில் சிலவற்றைப் பார்க்க வேண்டும், காதைச் சோதிக்க வேண்டும். பிரஷர், தூக்கம், காது, நடை, நாலு பேரோடு பேச்சு, புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வது. மார்கழியில் மறுபடி பார்ப்போம். அதுவரை தினமும் ஒருவர் வந்து பார்த்துக்கொள்வதானால் அம்மா இங்கேயே இருக்கலாம். "ஆனா ஒண்ணும்மா, இது பரீட்சைக்கு முந்தின வாரம் படிக்கிற பாடம் இல்ல. இதயத்துக்கு எது நல்லதோ அதுதான் மூளைக்கும். தினமும் செய்யணும். காலம்பூரா."

எங்கள் கடையில் பொதுத்தேர்வுக் காலத்தில் அட்டை அட்டையாகப் போகும் சரக்கு நினைவுக்கு வந்து, "வல்லாரை மாத்திரை?" என்றேன்.

"கீரையா வாங்கித் துவையல் அரைங்க. ருசியா இருக்கும். தினமும் வந்து பாக்கப்போறது நீங்கதானே? கையக் காட்டுங்க."

எதற்கென்று கேட்பதற்குள் பிரஷர் பட்டை என் கையில் இறுகியது. டாக்டர் இரண்டு முறை பார்த்தார். அக்காவுக்கு இருந்ததைவிட எனக்கு அதிகம்.

அன்று காலையிலிருந்து முதன்முறையாக அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "என்னைய விட ஜாஸ்தியா? ஓயாம அலையாதன்னு சொன்னேம்லாட்டி!"

"சிரிக்காதீங்கம்மா. இவங்க வயசுலதான் இதைப் பிடிக்கணும். அம்பதுல விட்டுட்டு எழுபதுல வந்து என்கிட்ட குடைய மறந்துட்டேன், மயில மறந்துட்டேன்னா நான் என்ன செய்ய?"

அப்படித்தான் அவளுக்குத் துணையாகப் போன நானும் நோயாளி நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

மகன் ஊருக்குப் போன பிறகு, காலையில் நான் மேலகரம் போக ஆரம்பித்தேன். அங்கிருந்து இருவரும் குற்றாலம் வரை நடை. நான் ஓயாமல் அலைகிறவள்தான், ஆனால் அலைச்சல் வேறு, நடை வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. அலைச்சலில் மனசு ஓடும், உடம்பு மனசுக்குப் பின்னால் இழுபடும். நடையில் உடம்பு முன்னால் போகும். மனசு கொஞ்ச தூரம் முரண்டு பிடித்துவிட்டு, பிறகு சாரலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு கூடவே வரும். சாலையின் இருபுறமும் மரங்கள் சொட்டும். பலாப்பழ வாசனையும் ஈரத்துண்டு வாசனையும் மாறி மாறி முகத்தில் அடிக்கும். எண்ணெய் தேய்த்த உடம்போடு அருவிக்குப் போகிறவர்கள் வழுக்கிக்கொண்டு எதிரே வருவார்கள். அக்கா குடையை விரித்துக்கொண்டு, "இத மட்டும் மறக்கவே மாட்டேன் போலட்டி" என்பாள்.

பாயின் கட்சி வேறு. சோதனையில் தன் கேள்வித்தாள் கவிழ்ந்துவிட்ட வருத்தத்தில் அவர் புது வைத்தியம் சொன்னார். "மெயின் அருவில தலையக் குடுத்து நில்லுங்க டீச்சரம்மா. பைத்தியம் தெளியுத தண்ணி அது. கீச்சு கீச்சுனு மண்டைக்குள்ள ஒட்டட அடிச்ச மாதிரி இருக்கும்." எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள் குறைவு. டாக்டரிடம் போனில் கேட்டோம். பிரஷர் இறங்கும் வரை தலையில் அத்தனை கனமாகத் தண்ணீர் விழ வேண்டாம், ஓரமாக நின்று குளியுங்கள் என்றார். ஓரமாக நின்றோம். பெண்கள் பக்கத்தில் நெரிசல். யாரோ ஒருத்தியின் வளையல் என் முதுகில், யாருடைய குழந்தையோ அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு. பாறையில் பட்டுத் தெறித்த நீர்த்தூள் எங்கள் மேல் வெண்மையாக விழுந்தது. அக்கா கண்ணை மூடி, வாயைத் திறந்து, எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லாத முகத்தோடு நின்றாள். ஒட்டடை போயிற்றா என்று கேட்டேன். "செருப்பு போச்சு" என்றாள். உண்மையிலேயே போயிருந்தது.

காதுக்கருவி வந்த அன்று பெரிய கலவரம். "ஏட்டி, இந்த பேன் இவ்வளவு நாளா இப்படியா அலறுச்சு? மழ பெய்யும்போது தகரத்துல இவ்வளவு சத்தமா? பக்கத்து வீட்டு மதினி என்னைய இப்படியா பேசுதா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். பால் விஷயத்தைச் சென்னைக்கு அனுப்பியவளோடு அக்கா பேச்சை நிறுத்தியிருந்தாள். ஆனால் நாலு பேரோடு பேச வேண்டும் என்பது டாக்டர் கட்டளை, அதில் மதினியை விட்டால் மற்ற பக்கமெல்லாம் காலி மனைதான். அக்கா வேலியோரம் போய் நின்றாள்.

"டாக்டர் ஒங்ககிட்ட பேசச் சொல்லிருக்கா. தினமும் சாயங்காலம் வருவேன். பிரியத்துலன்னு நெனச்சுக்கிடாதிய. மாத்திர மாதிரி."

"வாங்க மதினி, வாங்க. கசப்பாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

அந்தச் சாயங்காலப் பேச்சு பாதி நாள் சண்டையாகத்தான் முடியும். பழைய சண்டைகளை ஆண்டு, மாதம், அன்று என்ன குழம்பு என்பது வரை இருவரும் எடுத்து வைப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் இவர்கள் இருவருக்குமே ஞாபகசக்தி கொஞ்சம் குறைந்தால் நல்லது என்று தோன்றும்.

புதிதாகக் கற்பதற்கு அக்கா மலையாள எழுத்தைத் தேர்ந்தெடுத்தாள். சீசனில் குற்றாலம் முழுக்க கேரள வண்டிகள். பலகைகள் எல்லாம் அந்த வளைந்த எழுத்தில். குழந்தைகள் படிக்கும் அரிச்சுவடி ஒன்றைச் செங்கோட்டையில் வாங்கி வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்று வாசித்துப் பழகினாள். அவள் மூன்றாம் எழுத்துக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஒரு பஸ்ஸின் முன்னால் கையை நீட்டி நிறுத்திவிட்டாள். நடத்துநர் எட்டிப் பார்த்து, "அம்மே, கேறுன்னுண்டோ?" என்றார்.

"ஏறல தம்பி. வாசிக்கேன். கொஞ்சம் நில்லு. பு... ன... லூ... ர்! சரி, போயிட்டு வா."

பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். கனமழையில் நடை நின்றது. அடை மழை விட்ட பிறகும் சோம்பல் விடவில்லை. பிரஷருக்கு உப்பு ஆகாதென்று ஊறுகாய் ஜாடியை மேல் பரணில் ஏற்றினோம், ஏணியும் கூடவே பக்கத்தில் நின்றது. ஒரு மாலை கேரள எல்லைப் பக்கத்துப் பரோட்டாக் கடை வாசனை எங்களைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. "மைதா, எண்ணெ, உப்பு. எல்லாம் கெடுதிதான். ஆனா பேச்சுத்துணைக்கு மார்க் உண்டுல்லா?" என்று அக்கா பக்கத்து மேஜைக்காரர்களிடம் வலிய ஊர் விசாரித்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்குக் கடினமாக இருந்தது தூக்கம். விளக்கணைத்த பிறகுதான் எனக்குச் சொற்கள் வரும். வந்தவற்றை, நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப் பழகினேன். சில வந்தன. வராதவை பெரிய இழப்பில்லை என்று காலையில் தெரிந்தது. மாத்திரை விழுங்கியதும் ஒருவருக்கொருவர் போனில் நாக்கை நீட்டிக் காட்டுவது எங்கள் ஏற்பாடு. கடையில் நான் இதைச் செய்யும்போது முதலாளி ஏதும் கேட்காமல் எழுந்து வெளியே போய்விடுவார்.

மார்கழியில் மகன் மறுபடி வந்தான். முந்தின நாள் பாய் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். போன மாதம் அவரும் மறுசோதனைக்குப் போய் வந்திருந்தார்.

"டீச்சரம்மா, இந்தத் தடவ புது அஞ்சு..."

"பாய், நீங்க வாயத் தொறந்தா நான் காதக் கழத்தி வச்சிருவேன்" என்றாள் அக்கா. கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். பாய் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

கைப்பையில் ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லை. நானே சோதித்துப் பார்த்தேன். டாக்டர் ஐந்து சொற்களைச் சொன்னபோது அக்கா கண்ணை மூடவில்லை, முணுமுணுக்கவில்லை, டாக்டரின் உதட்டைப் பார்த்துக் கேட்டாள். வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது. விட்டுவிட்டாள். கடைசியில் நான்கு சொற்கள் வந்தன. ஐந்தாவதற்காக வெகு நேரம் கூரையைப் பார்த்தாள். "இல்ல, வரல" என்றாள். அவளிடமிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகன் என்னைப் பார்த்தான். நான் மூளைப் படத்தைப் பார்த்தேன்.

பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. எனக்கும். போன தடவையைவிட மோசமில்லை, சிலவற்றில் மேல் என்றார் டாக்டர். வருங்காலத்துக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது, வருடா வருடம் பார்ப்போம். மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அப்ப அம்மா இங்கயே இருக்கட்டுமா டாக்டர்?"

"அவங்க நடக்கிறது, பேசுறது, சண்டை போடுறது எல்லாம் இங்க இருக்கு. இதை எல்லாம் பதினோராவது மாடிக்கு எப்படிக் கொண்டு போவீங்க?"

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சரிபார்த்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது நின்றாள். திரும்பிக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி, "கொடுக்காப்புளி!" என்று கத்தினாள்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது. "அதுக்கு மார்க் கிடையாதும்மா."

"தெரியும். சும்மா சொல்லி வைக்கேன்."

அன்று மாலையே மகனுக்குச் சென்னை ரயில். தென்காசி நிலையத்தில் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. மலை நீலமாகிக் கறுத்துக்கொண்டிருந்தது. அவன் சன்னலோர இருக்கையில் பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றான். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆறு மாதமாக எல்லோரும் அவளைப் பார்த்த மாதிரி.

"கண்ணுக்குக் கீழ ஏம்லே இவ்வளவு கறுப்பு? எப்பத் தூங்குத?"

"வேல இருக்கும்மா. அமெரிக்காக்காரன் முழிக்கும்போதுதானே நானும் முழிக்கணும்."

"நடக்கியா?"

"நேரமில்லம்மா."

"யார்ட்டயாவது பேசுதியா? கம்ப்யூட்டர்ட்ட இல்ல, மனுசன்ட்ட."

அவன் என்னைப் பார்த்து, "சித்தி, சொல்லுங்க இவங்ககிட்ட" என்றான். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நானே நாற்பதில் யாரும் கேட்காமல் விட்டுப்போனவள். "பிரஷர் பாத்தியாடா?" என்றேன். அவன் இல்லையென்று தலையசைத்தான். அக்காவின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. அந்தக் கிளினிக்கில் அவன் முகம் சுண்டிப்போனது போலவே இருந்தது. ரயில் மெல்ல அசைந்தது. அவள் கூடவே நடந்தாள். குற்றாலம் வரை நடந்து பழகிய கால், ரயிலின் வேகத்துக்குக் கொஞ்ச தூரம் ஈடுகொடுத்தது.

"சரிம்மா, பாக்கேன்மா, சரிம்மா" என்றான் அவன், கையை ஆட்டிக்கொண்டே.

அக்கா பிளாட்பாரத்தின் முனையில் நின்று, பள்ளி மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"சரி சரின்னா விட மாட்டேன்லே! நாளைக்கே பிரஷர் பாத்து போட்டோ அனுப்பு! இல்லன்னா வீட்டப் பூட்டிட்டு நான் அங்கன வந்து ஒக்காந்திருவேன்!"